சானிட்டரி சந்தை

கோடைக்கானல்
1971 டிசம்பர் 4, சனி

போர் தொடங்கிவிட்டது. காலைச் செய்தியில் உறுதி செய்தார்கள். சமையல்காரி செல்லக்கிளி ரேடியோ முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றதில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. எல்லையில் சண்டை நடந்தால் இந்த வீட்டில் பால் பொங்க வேண்டும் என்று சட்டமில்லை என்று சொன்னேன்.

இன்னாசி கிழக்கு எல்லையில் இருக்கிறான் என்று நினைக்கிறேன். ராணுவத்தில் கேப்டனாக இருக்கும் என் ஒரே மகன் எங்கே இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு முடியும், ஏனென்றால் அவன் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. சென்ற ஆண்டு அவன் நாசரேத்தில் சி.எஸ்.ஐ. கோயிலில் கல்யாணம் செய்துகொண்டான். நான் போகவில்லை. கத்தோலிக்கப் பீடத்தின் முன் நடக்காத கல்யாணத்துக்கு நான் எதற்கு? அன்றிலிருந்து அவன் எழுதுவதெல்லாம் மனைவிக்குத்தான்.

அந்த மனைவி போன மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தாள். ராணுவக் குடியிருப்பைக் காலிசெய்யச் சொன்னார்களாம். நான் மறுக்கவில்லை. வீடு பெரியது. நர்ஸ் வேலை படித்தவள். பெயர் ஞானசெல்வம். இங்கே ஒரு தடவை எழுதியாயிற்று. போதும்.

அவனைப் பற்றி அவளிடம் நான் கேட்கப்போவதில்லை. சொல்வது அவள் கடமை. கேட்பது என் கடமை அல்ல.

பிற்பகல் தபாலாபீசுக்கு நடந்துபோய் ஸ்டாம்பு வாங்கினேன்.

டிசம்பர் 6, திங்கள்

மாதர் சங்கக் கூட்டம். நான் தலைவியாகி இது பத்தொன்பதாவது ஆண்டு. இவ்வளவு காலத்தில் ஒரு கூட்டமும் தாமதமாகத் தொடங்கியதில்லை. இன்று தொடங்கியது. நகராட்சிக் கமிஷனரின் மனைவி மிஸஸ் தண்டபாணிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. என் நாற்காலியில் அவளுக்குக் கண் இருப்பது எனக்குத் தெரியும்.

ஜவான்கள் நிதிக்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மிஸஸ் தண்டபாணி மெல்லிசைக் கச்சேரி வைக்க வேண்டும் என்றாள். நான் செல்லக்கிளியைக் கூப்பிட்டு, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த படத்தை மேஜைமேல் நிறுத்தச் சொன்னேன்.

என் வரவேற்பறையில் முப்பது ஆண்டாகத் தொங்கும் படம் அது. 1864இல் வந்த ஓர் அமெரிக்க வாரப் பத்திரிகையின் நடு இரண்டு பக்கம். அவர்கள் நாட்டில் வடக்கும் தெற்கும் சண்டை போட்டுக்கொண்ட காலம். பெரிய மண்டபம், கூரையெல்லாம் கொடி, கூடை கூடையாகப் பாவாடை விரிந்த சீமாட்டிகள் மேஜைகளுக்குப் பின்னால் நின்று விற்கிறார்கள். ஒரு பிரம்மாண்டமான சப்பாத்துக் காலணிக்குள் கிழவி வேஷம் போட்ட சிறுமி உட்கார்ந்து பொம்மை விற்கிறாள். கீழே அச்சிட்டிருக்கிறது: தி கிரேட் சானிட்டரி ஃபேர். போர்க்காலத்தில் ஊரில் நோய் பரவும். அதனால் அந்தப் பெண்கள் சுத்தம் சுகாதாரத்தைப் பரப்பச் சந்தை நடத்தினார்கள். சங்கத்துக்கு வரும் பெண்களுக்கு இதை நான் பல ஆண்டு விளக்கியிருக்கிறேன்.

என் கணவர் தைரியநாதன் காட்டிலாகா அதிகாரி. ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கக் குடும்பத்திடம் இதை வாங்கினார். அவர் வாங்கியது படத்துக்காக அல்ல, மரத்துக்காக. பாக்ஸ்வுட் என்ற மரத்தின் குறுக்குவெட்டில் செதுக்கி அச்சடித்தது. அது இரும்பு மாதிரி இறுகிய மரம், ஆனால் கை கனத்துக்குமேல் பருக்காது. ஆகவே பெரிய படத்துக்குச் சிறு கட்டைகள் பலவற்றைத் திருகாணி போட்டு இணைப்பார்கள். ஓவியர் மேலே வரைந்ததும் கட்டைகளைத் தனித்தனியே கழற்றி ஆளுக்கு ஒன்றாகச் செதுக்கக் கொடுப்பார்கள். பத்திரிகைக்கு அவசரம். செதுக்கியதை மறுபடி பூட்டி அச்சடிப்பார்கள். உற்றுப் பார்த்தால் கட்டைகள் சேரும் இடத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரியும். நடுவில் நிற்கும் சீமாட்டியின் முகத்திலேயே ஒரு கோடு இறங்குகிறது. ஒரு பாதியைச் செதுக்கியவன் கைதேர்ந்தவன், மறு பாதியைச் செதுக்கியவன் கூலிக்கு மாரடித்தவன். அவளுக்கு ஒரு கண் சாந்தம், மறு கண் சண்டை.

“நூறு வருஷத்துப் பழைய படத்தைப் பாத்துட்டு யாரு வரப்போறா, மிஸஸ் தைரியநாதன்? கச்சேரின்னா டவுனே திரண்டு வரும்” என்றாள் மிஸஸ் தண்டபாணி.

“கச்சேரிக்கு வருகிறவர்கள் கை தட்டுவார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் வாங்குவார்கள்” என்றேன்.

கை தூக்கச் சொன்னோம். சந்தை வென்றது. பதினெட்டாம் தேதி. மிஸஸ் தண்டபாணி தன் கைப்பையை மூடிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

டிசம்பர் 7, செவ்வாய்

நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினேன். தபாலாபீஸ். ஸ்டாம்பு.

டிசம்பர் 8, புதன்
அமலோற்பவ மாதா திருநாள்

பூசை முடிந்து வந்தபோது அவள் வரவேற்பறையில் படத்துக்கு மிக அருகில் நின்றிருந்தாள்.

“அத்தே, இது சுகாதாரத்துக்கு நடந்த சந்தை இல்லயே.”

யாரும் உன்னைக் கேட்கவில்லையே என்ற முகத்தோடு பார்த்தேன். அவளுக்கு முகம் பார்க்கும் பழக்கம் இல்லை.

“சானிட்டரி கமிஷன்னு ஒரு அமைப்பு இருந்துச்சு. யுத்தத்துல அடிபட்ட சிப்பாய்களுக்கு மருந்து, துணி, சாப்பாடு எல்லாம் குடுத்தாவ. அதுக்குப் பணம் சேக்க நடத்துன சந்தை. அதான் அந்தப் பேரு. எங்களுக்கு நர்சிங் வரலாறுன்னு ஒரு பாடம் உண்டு, அதுல வரும்.”

“எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது அயர்லாந்து மதர். சானிட்டரி என்றால் சுகாதாரம் சம்பந்தப்பட்டது.”

“மதர் சரியாத்தான் சொல்லிருப்பாவ. வார்த்தைக்கு அதான் அர்த்தம். பேருக்கு அர்த்தம் வேற. இப்ப என் பேரு ஞானசெல்வம். கையில செல்வமா இருக்கு?”

“ஞானமும் இல்லை என்பது தெரிகிறது” என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு படத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு மனிதனைக் காட்டினாள்.

“இந்த ஆளைப் பாருங்க. கை இல்ல. சட்டைக் கைய மடக்கி ஊக்குப் போட்டிருக்கு. சுகாதாரச் சந்தைக்கு இவரு எதுக்கு வாராரு?”

“அவர் கையைக் கோட்டுக்குள் வைத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கனவான்கள் அப்படித்தான் நிற்பார்கள்.”

“நான் எத்தனயோ பேருக்கு இப்படி மடக்கி ஊக்குப் போட்டிருக்கேன், அத்தே.”

மூச்சுக்காற்று கண்ணாடியில் படுகிறது, தள்ளி நில் என்றேன். அவள் போன பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை.

டிசம்பர் 10, வெள்ளி

நோட்டீஸ் அச்சாகி வந்தது. ‘மாபெரும் சுகாதாரச் சந்தை.’ கீழே ஆங்கிலத்தில் படத்தில் உள்ளபடியே. புரூஃபை மூன்று தடவை நானே திருத்தினேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

டிசம்பர் 11, சனி

அவளுக்குக் கடிதம் வந்தது. வழக்கம்போலச் சமையலறையில் செல்லக்கிளிக்கு வாசித்துக் காட்டினாள். செல்லக்கிளிக்கு எழுத்து தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். அவ்வளவு உரக்க வாசிக்க என்ன தேவை என்று புரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து துவாலைகளுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

போர் தொடங்குமுன் எழுதிய கடிதம். ஊர் முழுக்கக் குளமும் சேறுமாம். பூட்ஸ் காய்வதே இல்லையாம். ஒரு கிழவர் வாத்து முட்டை கொடுத்தாராம். நல்ல வேளை, சளி பிடிக்கவில்லையாம். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே மார்ச்சளி.

“பெரியம்மாவப் பத்தி என்ன எழுதிருக்காரு, நர்சம்மா?” என்றாள் செல்லக்கிளி.

காகிதத்தைத் திருப்பும் சத்தம் வந்தது.

“ஒண்ணும் எழுதல” என்றாள்.

அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். அதுவும் கேட்டது. ஒரு துவாலையின் விளிம்பு கோணலாகிவிட்டது. பிரித்துத் தைத்தேன்.

டிசம்பர் 13, திங்கள்

நகராட்சியின் உத்தரவு வந்தது. சுகாதாரச் சந்தை என்பதால் எங்கள் விண்ணப்பம் நேராகச் சுகாதாரப் பிரிவுக்குப் போயிருக்கிறது. ஹெல்த் ஆபீசருக்குப் பரம சந்தோஷம். இப்படி ஒரு விழாவை எந்த ஊர் மாதரும் நடத்தியதில்லை என்று பாராட்டி எழுதியிருக்கிறார். மைதானம் இலவசம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. மைதானத்து மண்டபத்தின் நடுவில் குழிக் கக்கூசின் மாதிரி வைக்கப்படும். கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாத தின்பண்டம் எதுவும் விற்கக்கூடாது. கீழே சமவெளியில் காலரா இருப்பதால் வாசலிலேயே ஊசி போடப்படும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அனுமதி.

மாலையில் மிஸஸ் தண்டபாணி தொலைபேசியில் அழைத்தாள்.

“எங்க வீட்டு வாட்ச்மேன் கேக்கறான், மிஸஸ் தைரியநாதன், கக்கூஸ் கண்காட்சி என்னைக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“பதினெட்டாம் தேதி என்று சொல்லுங்கள். உத்தரவில் கையெழுத்து உங்கள் கணவருடையது.”

“அவருக்கு என்ன தெரியும்? நீங்க எழுதிக் கேட்டதைக் குடுத்தாரு. ஆமா, ஹைஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னமோ சொல்றாங்களே, அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தமே அது இல்லையாமே?”

தலைமையாசிரியைக்கு யார் சொன்னார்கள் என்று என் மருமகளிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தலைமையாசிரியைக்குச் சொந்தமாகவே படிப்பு உண்டு.

டிசம்பர் 14, செவ்வாய்

முட்டி வலி. தபாலாபீசுக்குச் செல்லக்கிளியை அனுப்பினேன். ஸ்டாம்பு வாங்கிவந்தாள். ஸ்டாம்பு நிறைந்து இழுப்பறை மூடமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 15, புதன்

சங்கத்தின் அவசரக் கூட்டம். என் மருமகளும் வந்தாள். வாசலில் ஊசி போட ஆள் இல்லாமல் ஹெல்த் ஆபீசர் அவளைக் கேட்டிருந்தாராம். அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியை எழுந்து அந்தச் சொல்லின் சரித்திரத்தை விளக்கினார். என் மருமகள் சொன்னதேதான், இன்னும் நீளமாக. சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பத்தொன்பது ஆண்டில் என் முன்னால் யாரும் வாயை மூடிக்கொண்டதில்லை.

“ஊரே சிரிக்குது. ஜவான் பேரைச் சொல்லிக் கக்கூஸ் கட்டிக் காட்டப்போறோம். இதுக்கு யாரு பொறுப்பு?” என்றாள் மிஸஸ் தண்டபாணி.

நான் எழுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நாந்தான். அத்தை சரியாத்தான் சொன்னாவ. அடிபட்ட சிப்பாய்க்கு உதவின்னு. நோட்டீசுக்கு எழுதிக் குடுத்தது நான். தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க.”

கூட்டம் இளகியது. சின்னப் பெண், புருஷன் எல்லையில் இருக்கிறான், மனசு ஒரு நிலையில் இருக்காது என்றார்கள். மிஸஸ் தண்டபாணியே, “அப்ப சரி, போகட்டும் விடுங்க” என்றாள். என் நாற்காலி என்னிடமே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

திரும்பி அவளைப் பார்த்தேன். நோயாளிக்குப் போர்வை போர்த்திவிட்டு நிற்கிற நர்சின் முகம். நான் நோயாளி அல்ல.

எழுந்து நின்று சொன்னேன்: “இந்தப் பெண் எழுதவில்லை. அவளுக்கு அர்த்தம் தெரியும். எட்டாம் தேதி என்னிடம் சொன்னாள். நான் ஏற்கவில்லை. விண்ணப்பம், நோட்டீஸ் எல்லாம் நான் எழுதியது. எனக்காகப் பொய் சொல்லும்படி நான் யாரையும் கேட்கவில்லை.”

அதற்குப்பின் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. மிஸஸ் தண்டபாணி தலைவி. எனக்குத் தேநீர்க் கடையில் கோப்பை கழுவும் பொறுப்பு. இறக்கத்தில் நடந்து திரும்பும்போது மூடுபனியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. அவள் குரல் மட்டும் நன்றாகக் கேட்டது.

“ஒருத்தரு குடுக்கறத ஒரு தடவையாவது வாங்கிக்கிடுவியளா?”

“நான் கேட்டேனா?”

“நீங்க கேக்க மாட்டிய. அதான் உங்க சீக்கு. அத்தனை பேரு முன்னால என்னப் பொய்க்காரியாக்கிட்டிய.”

“பொய் சொன்னவள் நீ.”

அவள் நின்றுவிட்டாள். “சரி அத்தே. இனிமே கேக்காம நானும் ஒண்ணும் குடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு முன்னால் வேகமாகப் போனாள். கூட்டத்துக்குக் கொண்டுபோயிருந்த படத்தை அவள்தான் சுமந்து போனாள். என்னால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

டிசம்பர் 16, வியாழன்

கிழக்கில் போர் முடிந்தது. கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். கோயில் மணி நிற்காமல் அடித்தது.

“சண்டைதான் முடிஞ்சிருச்சே, நர்சம்மா, இன்னும் எதுக்குச் சந்தை?” என்று செல்லக்கிளி கேட்டாள்.

“அடிபட்டவங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம்” என்றாள் அவள். சரியான பதில். நான் சொல்லியிருக்க வேண்டியது.

டிசம்பர் 17, வெள்ளி

தந்தி வந்தது. அவள் பெயருக்கு.

நான் கூடத்து ஜன்னலருகே இருந்தேன். அவள் வாசற்படியில் நின்று வாசித்தாள். மறுபடி வாசித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நர்சுகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள் போலும். சமையலறைக்குப் போனாள். நான் தையலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வாசிக்கும் குரல் வரவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

அவள் மைதானத்துக்குப் போனதும் செல்லக்கிளியைக் கூப்பிட்டு இரவுக்கு என்ன சமையல் என்று கேட்டேன். சொன்னாள். போகாமல் நின்றாள்.

“அம்மா, நீங்க கேட்டா சொல்லச் சொன்னாங்க. கேக்கலேன்னா வாயத் தொறக்கக் கூடாதுன்னு கர்த்தர்மேல சத்தியம் வாங்கிட்டாங்க. கேளுங்கம்மா.”

“என் மகனைப் பற்றிச் சமையல்காரியிடம் கேட்கமாட்டேன்.”

“அப்ப அவங்ககிட்டயே கேளுங்க.”

“குழம்பில் புளி குறைவாகப் போடு” என்றேன்.

விபரீதம் என்றால் ஒருத்தி இப்படிப் பந்தயம் வைக்கமாட்டாள். ஆகவே விபரீதம் இல்லை. ஆனால் நல்ல செய்தி என்றால் செல்லக்கிளியின் கண் ஏன் சிவந்திருக்க வேண்டும்? வெங்காயம் நறுக்கினாள் என்றால் இன்று குழம்பில் வெங்காயம் இல்லை. ஜெபமாலை சொன்னேன். மூன்றாம் தேவரகசியத்தில் விட்டுப்போயிற்று. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அங்கேயே விட்டுப்போயிற்று.

சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். உப்பை நகர்த்தித் தரும்படிகூட நான் கேட்கவில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

டிசம்பர் 18, சனி

காலையில் நல்ல வெயில். சந்தைக்கு ஊரே வந்திருந்தது, ஆனால் வேலிக்கு வெளியே. வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, கொதிக்கும் தண்ணீரில் ஊசிகள், பக்கத்தில் என் மருமகள். அதைப் பார்த்ததும் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே தோட்டக்காரர்கள் கொடுத்த பேரிக்காய், நாங்கள் தைத்த துவாலைகள், கம்பளிச் சட்டைகள் எல்லாம் ஆளில்லாமல் கிடந்தன. மண்டபத்து முகப்பில் என் படம். அதன் கீழே தலைமையாசிரியை சரியான விளக்கத்தை எழுதி மாட்டியிருந்தார். கையெழுத்து சுமார்.

“தலைவி முதல்ல போட்டுக்கிட்டா மத்தவங்களும் வருவாங்க” என்றார் ஹெல்த் ஆபீசர்.

மிஸஸ் தண்டபாணி தன் பட்டு ரவிக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஊசின்னா மயக்கம் வரும் டாக்டர், வேற யாராச்சும் போட்டுக்கட்டுமே” என்றாள்.

பின்னாலிருந்து யாரோ ஒருவன், “கக்கூசப் பாக்க ஊசி வேறயா?” என்றான். கூட்டம் சிரித்தது. சிலர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

கோப்பை கழுவும் துணியைத் தோளில் போட்டபடி நான் வாசலுக்குப் போனேன். மிஸஸ் தண்டபாணியின் முன்னால் சற்று நின்றேன். பிறகு மேஜைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து இடது கைச் சட்டையை மேலே சுருட்டினேன். என் கணவர் போனபிறகு இந்தக் கையை வேறு யாரும் தொட்டதில்லை. தோல் தொங்குகிறது. அதை ஊரே பார்த்தது.

அவள் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. மருந்தை ஏற்றி ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தந்தியின் மடிப்பு அவள் இடுப்பில் தெரிந்தது. ஊசி இறங்குவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

“இன்னாசி எப்படி இருக்கிறான்?” என்றேன்.

அவள் கை நின்றது. சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“உயிருக்கு ஒண்ணுமில்ல அத்தே” என்றாள், மெதுவாக. “கண்ணிவெடி. கால்ல அடி. ஆஸ்பத்திரில இருக்காவ. கால எடுக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டாவ. நடப்பாவ. கொஞ்ச நாளாவும்.”

நான் தலையசைத்தேன்.

“நேத்தே கேட்டிருக்கலாம்லா” என்றாள். குரல் உடைந்திருந்தது. கோபமும் இருந்தது.

“நேற்றே சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“கைய இறுக்காதிய. தளத்துங்க.”

குத்தினாள். நன்றாகத்தான் குத்தினாள், அதைச் சொல்ல வேண்டும். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. விட்டதும் எனக்குப் பின்னால் தலைமையாசிரியை உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஹைஸ்கூல் பெண்கள். பிறகு வரிசை.

மாலைவரை கோப்பை கழுவினேன். கம்பளிச் சட்டைகள் எல்லாம் விற்றுப்போயின. மிஸஸ் தண்டபாணி மேடையில் நன்றியுரை சொன்னாள், இரண்டு இலக்கணப் பிழையோடு.

இப்போது கை வீங்கிக் கனக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. செல்லக்கிளி கஞ்சி கொண்டுவந்தாள். “கஞ்சிய நான் அனுப்பல” என்று என் மருமகள் தன் அறையிலிருந்தே சத்தம் கொடுத்தாள்.

எந்தக் கால் என்று கேட்காமல் வந்துவிட்டேன். காலையில் மறுபடியும் அவளிடம்தான் கேட்க வேண்டும்.